தங்கவயல் தொழிற்சங்கத்தில் இருந்த என் தாத்தாவின் வாழ்க்கையை எழுதுவது குறித்து

பாலாற்றங்கரை (வாணியம்பாடி):

என் தாயைப் பெற்ற தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். நாற்பதுகளில் தொழிற்சங்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவராகவும், பின்னர் அவ்வூர் நகரசபையில் உறுப்பினராகவும் இருந்தார். ஓய்வுபெற்றபின் வாணியம்பாடிக்கு அருகிலுள்ள சொந்தக் கிராமத்துக்குத் திரும்பி, ஓயாத இருமலோடு சில ஆண்டுகள் வாழ்ந்து, 1978-ல் காலமானார். அவரைப் பற்றி ஒரு சிறு நூலாவது எழுதிவிட வேண்டும் என்று முயல்கிறேன். மூன்று இடங்களில் தடைப்பட்டு நிற்கிறேன்.

தாத்தாவின் தந்தை 1905 வாக்கில் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதப்பட்ட கம்பெனிச் சீட்டில் சொந்த ஊர் 'சேலம் ஜில்லா' என்றிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எவரும் சேலத்தில் வாழ்ந்ததில்லை. அடுத்து, தாத்தா 1930-லேயே சங்க வேலையில் இருந்தார் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடியும் அக்காலத்துச் சங்கப் பதிவு எதுவும் அகப்படவில்லை. இவற்றைவிட மனத்தை உறுத்துவது மூன்றாவது. அவர் கம்யூனிஸ்டுகளோடு நின்று வேலைநிறுத்தம் நடத்தினார், பிறகு அம்பேத்கர் வழிவந்த கட்சியின் சார்பில் நகரசபைக்கு நின்றார். இதனால் உறவினர் சிலர் அவரைக் 'கட்சி மாறியவர்' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சொல் பாட்டியைக் கடைசிவரை வருத்தியது. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (குடியாத்தம்):

ஐயா, சீட்டில் பிழை இல்லை. திருப்பத்தூர் தாலுகா 1911 வரை சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. வட ஆர்க்காட்டின் ஒரு பகுதி பிரிந்து சித்தூர் ஜில்லா புதிதாக உருவான அந்த ஆண்டில்தான் திருப்பத்தூர் வட ஆர்க்காட்டோடு சேர்க்கப்பட்டது. வாணியம்பாடி அந்தத் தாலுகாவுக்குள் அடங்கியிருந்ததால், 1905-ல் உங்கள் கொள்ளுத்தாத்தா சொன்னதை எழுத்தர் சரியாகவே எழுதியிருக்கிறார். இதே காரணத்தால், அக்காலக் கணக்குகளில் 'வட ஆர்க்காட்டார்' என்று காணப்படுவோருள் இன்றைய சித்தூர்ப் பகுதி மக்களும் கலந்திருப்பார்கள் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டுமே உரியது. தங்கவயல் இருந்ததோ மைசூர் சமஸ்தானத்தில். ஆகவே அங்கே 1930-ல் பதிவுபெற்ற சங்கம் என ஒன்று இருந்திருக்க முடியாது. தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து அவ்வாண்டு ஏறத்தாழ மூன்று வாரம் நடந்த வேலைநிறுத்தம், பதிவுபெற்ற சங்கம் எதுவும் இல்லாமலே நடந்தது. குற்றவாளியிடம் எடுப்பதுபோல் உழைப்பவனிடம் ரேகை எடுப்பதா என்ற மானப் பிரச்சினை அது. உங்கள் பாட்டி 'சங்க வேலை' என்று சொன்னது, தொழிலாளர் வாழ்ந்த லைன் வீடுகளில் இரவு கூடிப் பேசி ஆட்களைத் திரட்டிய வேலையாக இருக்கலாம். சங்கம் வைக்கும் உரிமை சமஸ்தானத்தில் சட்டமானது நாற்பதுகளின் தொடக்கத்தில்தான். எனவே எழும்பூரை விட்டுப் பெங்களூரிலுள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். மைசூர் அரசின் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

மாரிக்குப்பத்தில் பிறந்தவள் (காட்பாடி):

என் அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின் நாங்கள் காட்பாடிக்கு வந்தோம். உங்கள் மூன்றாவது கேள்வியைப் படித்தபோது மிகவும் வருந்தினேன், ஏனெனில் அது தங்கவயலை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்லும் குற்றச்சாட்டு.

அங்கே பூமிக்குள் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்று ஜில்லாக்களிலிருந்தும் சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்த ஒடுக்கப்பட்ட மக்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் தங்கவயலைச் சேர்ந்த மாரிக்குப்பத்தில் கிளை விட்டிருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926-ல் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. கூலிக்கான போராட்டமும் தன்மானத்துக்கான போராட்டமும் எங்கள் வீடுகளில் ஒரே திண்ணையில் பேசப்பட்டவை.

சட்டமன்றத் தேர்தலையே பாருங்கள். 1952-லும் 1957-லும் தங்கவயல் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். இரண்டு முறையும் ஓர் இடத்தில் கம்யூனிஸ்டு கட்சியும் மற்றோர் இடத்தில் அம்பேத்கர் நிறுவிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பும் வென்றன. 1957-ல் வென்றவர்கள் எம்.சி. நரசிம்மனும் சி.எம். ஆறுமுகமும். பகல் ஷிப்டு முடிந்து கூண்டில் ஏறி மேலே வந்த அதே மனிதர்கள் ஒரு வாக்கை இங்கும் ஒரு வாக்கை அங்கும் போட்டிருக்கிறார்கள் என்றால், அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரிப்பது எப்படி? உங்கள் தாத்தா அவர்களில் ஒருவர். அவர் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

1946 நவம்பர் 4-ஆம் நாளைப் பற்றி நூலில் தனியாக எழுதுங்கள். அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஆறு பேர் இறந்தனர். அந்நாளைத் தியாகிகள் நாளாக அங்கே நினைவுகூர்கிறார்கள். சிறுமியாக இருந்தபோது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பூப்போட்டிருக்கிறேன். அப்போது தாத்தா எங்கே இருந்தார் என்று பாட்டி ஏதேனும் சொன்னதுண்டா?

இன்னொன்று. 'ஓயாத இருமல்' என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். பாறைத்தூளால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய், நாற்பதுகளில் தங்கவயல் தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்தில் நால்வருக்கு மேல் கண்டறியப்பட்டது. நோய்க்கு இழப்பீடு கேட்டதும் சங்கத்தின் பெரும்பணிகளுள் ஒன்று. அவருடைய மருத்துவச் சீட்டு ஒன்றாவது மிஞ்சியிருந்தால் அதையும் நூலில் சேருங்கள்.

பாலாற்றங்கரை (வாணியம்பாடி):

இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அம்மா, அந்த நவம்பர் நாளில் தாத்தா இரவெல்லாம் வீடு திரும்பவில்லை என்றும், விடியலில் சட்டையில் இரத்தக் கறையோடு வந்தார் என்றும், அது யாருடையது என்று அவர் சொல்லவே இல்லை என்றும் பாட்டி கூறியிருக்கிறார். மருத்துவச் சீட்டை என் அம்மாவின் பெட்டியில் இன்றே தேடுகிறேன்.

ஐயா, கொள்ளுத்தாத்தாவின் சீட்டைப் படியெடுத்தபோது 'சேலம்' என்பதை நானே அடித்துவிட்டு 'வட ஆர்க்காடு' என்று எழுதி வைத்திருந்தேன். இன்று அந்தப் படியைக் கிழித்துவிட்டு, சீட்டில் உள்ளபடியே மறுபடி எழுதினேன்.