உச்சவரம்பு பூஜ்யமான பிறகு கார்பன் சந்தையில் எதை விற்பார்கள்?

கேள்வி:
ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் சந்தையில் உமிழ்வு உச்சவரம்பு இப்போது ஆண்டுக்கு 4.3% குறைகிறது, 2028 முதல் 4.4%. சதவீதக் கணக்கில் குறைந்துகொண்டே போனால் பூஜ்யம் வரவே வராதே? ஆனால் 2039 வாக்கில் புது உரிமமே (உச்சவரம்புக்குள் ஒரு டன் கார்பன் டைஆக்சைடை வெளியிட வழங்கும் அனுமதி) இருக்காது என்கிறார்கள். எது சரி? அதன்பின் சந்தை என்னாகும்?

பதில் 1:
2039தான் சரி. சதவீதம் முந்தைய ஆண்டின் மீது அல்ல; 2008–2012 காலத்தின் சராசரி ஆண்டு அளவின் மீது. அந்த அடிப்படை மாறாது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே எண்ணிக்கை கழிகிறது, கோடு நேராக இறங்கிப் பூஜ்யத்தைத் தொடும். ஆனால் புது வெளியீடு நின்றாலும் சந்தை அன்றே மூடாது. மிச்சம் பிடித்த உரிமங்களுக்குக் காலாவதி இல்லை. 2005–2007 முதல் கட்டத்தில் இந்த வசதி இல்லை. தேவைக்கு மேல் உரிமங்களை வழங்கிவிட்டு, அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகவும் விடவில்லை. 2007இல் விலை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு விழுந்தது அதனால்தான்.

பதில் 2:
விலையை விட எனக்குக் கவலை, வாங்க விற்க ஆள் குறைவதுதான். மின் நிறுவனங்கள் மின்சாரத்தை முன்கூட்டியே விற்கும்போது அதற்கான உரிமத்தையும் சேர்த்து வாங்குகின்றன. தினசரி வியாபாரம் பெரும்பாலும் இப்படி நடப்பது. நிலக்கரி போனதும் அவை ஒதுங்கிவிடும். மிஞ்சுவது சிமென்ட் போன்றவை. சிமென்ட் உமிழ்வில் சுமார் 60% எரிபொருளால் வருவதல்ல, சூட்டில் சுண்ணாம்புக்கல் பிரிவதால் வருவது. எரிபொருளை மாற்றினாலும் அது குறையாது. ஆள் குறைந்த சந்தையில் ஒரே ஒரு பெரிய கொள்முதல் விலையைத் தூக்கிவிடும்.

உரிமம் ஒப்படைக்காத டன்னுக்கு 100 யூரோ அபராதத்தை (பணவீக்கத்தோடு அதுவும் ஏறும்) விலையின் மேல்வரம்பாகப் பலர் நினைக்கிறார்கள். தவறு. அபராதம் கட்டிய பிறகும் பற்றாக்குறையான உரிமங்களை வாங்கி ஒப்படைத்தே ஆக வேண்டும்.

பதில் 3:
அந்த நிலையில் விற்க மிஞ்சுவது, காற்றிலிருந்து கார்பனை எடுத்து நிலத்தடிப் பாறையில் அடைத்ததற்கான கிரெடிட், அதாவது அகற்றிய ஒவ்வொரு டன்னுக்குமான சான்று. அதை அனுமதிப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் காடு வளர்த்ததற்கான கிரெடிட்டை அதற்குச் சமமாக வைக்கக் கூடாது: காடு எரிந்தால் கார்பன் திரும்பி வரும், அந்தக் கிரெடிட்டைக் கொடுத்து வெளியிட்ட உமிழ்வோ நூற்றாண்டுகள் காற்றில் நிற்கும். மலிவான வெளிநாட்டுக் கிரெடிட்டுகளை அனுமதித்து உபரியை வளர்த்த அனுபவமும் இந்தச் சந்தைக்கு உண்டு. 2021 முதல் அவற்றை ஏற்பதில்லை. எந்தக் கிரெடிட் வந்தாலும் மூன்றைப் பாருங்கள்: எத்தனை ஆண்டு பூட்டியிருக்கும், கசிந்தால் யார் ஈடு செய்வது, விற்ற நாடு தன் கணக்கிலிருந்து அதைக் கழித்ததா. மூன்றாவது தவறினால் ஒரே டன்னை இரண்டு நாடுகள் தங்கள் சாதனையாகக் காட்டும்.