ஹாஸ்-பிளெட் மதிப்பெண் 4: வார்ஃபரினை நிறுத்தலாமா?

இளம்பரிதி:
அம்மாவுக்கு வயது 78. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் சீரற்ற இதயத்துடிப்பு உண்டு; ஒருமுறை பக்கவாதம் வந்து மீண்டவர். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறார். ரத்தக்கசிவு அபாயத்தைக் கணிக்கும் ஹாஸ்-பிளெட் கணக்கில் 4 வருகிறது: வயது, பழைய பக்கவாதம், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். நிலையில்லாதது, மூட்டுவலிக்கு எடுக்கும் டைக்ளோஃபினாக், ஒவ்வொன்றுக்கும் 1. மூன்றைத் தொட்டாலே அதிக அபாயமாம். கையெல்லாம் நீலம் பாரித்திருக்கிறது. வார்ஃபரினை நிறுத்துவதே சரி என்கிறேன்.

கயல்விழி (மருந்தாளுநர்):
தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் சொன்ன நான்கில் வயதும் பழைய பக்கவாதமும் மறுபக்கக் கணக்கிலும் இருக்கின்றன. பக்கவாத அபாயத்தைக் கணிக்கும் சாட்ஸ்-வாஸ்க்கில் 75 வயதுக்கு 2, முந்தைய பக்கவாதத்துக்கு 2, பெண் என்பதற்கு 1. ஆக, குறைந்தது 5. மருந்தை எடுத்துவிட்டால் இந்த அபாயம் முழுவதும் காப்பில்லாமல் நிற்கும். மற்ற இரண்டையும் நம்மால் மாற்ற முடியும். முதலில் நிறுத்த வேண்டியது டைக்ளோஃபினாக்; வலிக்கு வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள். ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் இடையே நிற்காவிட்டால் அபிக்ஸபான் போன்ற புதிய மருந்துக்கு மாறலாம்; அதனால் மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படுவது வார்ஃபரினைவிடக் குறைவு.

இளம்பரிதி:
"அதிக அபாயம், ஆனாலும் தொடருங்கள்" என்றால் அந்தக் கணக்கு எதற்கு? தடுக்கப்பட்ட பக்கவாதம் யார் கண்ணுக்கும் தெரியாது. மூளையில் ரத்தம் கசிந்தால், மாத்திரையை எடுத்துக் கொடுத்த என் கைதான் எனக்குத் தெரியும். ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தால் போதாதா?

மாறன் (பொது மருத்துவர்):
இளம்பரிதி, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். இந்த மதிப்பெண்கள் தனி மனிதருக்கு நடக்கப்போவதைத் துல்லியமாகச் சொல்வதில்லை. மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ ரத்தக்கசிவு மதிப்பெண்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலே சொல்கிறது. திருத்தக்கூடிய காரணங்களைத் தேடுவதற்கே அவை உதவும். ஆஸ்பிரின் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். வார்ஃபரினுக்கு ஏற்றவர்கள் அல்லர் எனக் கருதப்பட்டவர்களிடம் 2011-இல் வெளியான அவெரோஸ் ஆய்வு நடந்தது. ஆஸ்பிரினைவிட அபிக்ஸபான் பக்கவாதத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது. பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

கயல்விழி அவர்களே, "மாறலாம்" என்று அவ்வளவு எளிதாகச் சொல்லாதீர்கள். தளர்ந்த முதியவர்களை வார்ஃபரின் வகையிலிருந்து புதிய மருந்துகளுக்கு மாற்றியபோது ரத்தக்கசிவு கூடியதை 2023-இல் ஃபிரெய்ல்-ஏஎஃப் ஆய்வு காட்டியது.

கயல்விழி:
அறிவேன், டாக்டர். வார்ஃபரினில் நன்றாக இருந்த முதியவரைக் காரணமின்றி மாற்றக் கூடாது என்றே அதை நான் வாசிக்கிறேன். ஐ.என்.ஆர். ஏறி இறங்கும் இந்த அம்மாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மாறன்:
டைக்ளோஃபினாக்கை நிறுத்தி, வேறு எந்த மருந்து ஐ.என்.ஆரைக் கலைக்கிறது என்று பார்த்த பிறகே மாற்றம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதயத்தில் செயற்கை உலோக வால்வோ, மிதமான அல்லது கடுமையான மைட்ரல் வால்வுச் சுருக்கமோ இருந்தால் வார்ஃபரின்தான்.

இளம்பரிதி:
வால்வில் கோளாறு இல்லை. எடை 52 கிலோ. அபிக்ஸபானுக்கு மாறினால் பயத்துக்குப் பாதி அளவு கொடுக்கலாமா?

கயல்விழி:
பயத்துக்காக அளவைக் குறைத்தால் பாதுகாப்பும் குறையும். வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் (ரத்தத்தில் டெசிலிட்டருக்கு) 1.5 மில்லிகிராம் அல்லது மேல்: இவற்றில் இரண்டு இருந்தால்தான் 5 மில்லிகிராமுக்குப் பதில் 2.5, நாளுக்கு இருவேளை. அம்மாவுக்கு இப்போது எடை ஒன்றுதான் பொருந்துகிறது. கிரியேட்டினின் பார்த்தாக வேண்டும். மாறும்போது வார்ஃபரினை நிறுத்தி, ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே இறங்கிய பிறகே புதியதைத் தொடங்குவார்கள்.

இளம்பரிதி:
சரி, நானாக நிறுத்தவில்லை. ஆனால் "அதிக அபாயம்" என்று எழுதித் தருபவர்கள், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதையும் கீழேயே எழுதித் தர வேண்டும். அதை வற்புறுத்திக் கேட்பேன்.

மாறன்:
கட்டாயம் கேளுங்கள். ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மலம் கறுத்தாலோ, திடீரெனக் கடும் தலைவலி வந்தாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.