வீட்டுக்காரருக்குப் புகார் கடிதம்: மாதிரி இருந்தால் போடுங்களேன் (அவசரம்)

அவசரக்குடி:
வீட்டுக்காரருக்கு ஒரு புகார் கடிதம் எழுத வேண்டும். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பதோடு சரி. நாளைக்கே கையில் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். யாரிடமாவது நல்ல மாதிரி இருந்தால் அப்படியே போடுங்கள், பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். கொஞ்சம் காரமாகவே இருக்கட்டும்.

சுண்ணாம்புக்கல்:
என்ன புகார் என்று சொல்லவே இல்லையே? தண்ணீரா, கரண்டா, முன்பணமா, பக்கத்து வீட்டுச் சத்தமா?

மாடிப்படி:
கடிதமெல்லாம் எதற்கு? வாடகையை நிறுத்துங்கள். தானாக ஓடி வருவார்.

பழையகணக்கு:
கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு பதிவை மேலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். வழக்கம்போல யாரும் படிப்பதில்லை. என்ன பழுது, எப்போதிலிருந்து, இதற்கு முன் எழுத்தில் ஏதாவது கொடுத்தீர்களா, பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? இதில் ஒன்றையும் சொல்லாமல் மாதிரி கேட்பது அளவு கொடுக்காமல் சட்டை தைக்கச் சொல்வது.

கோப்புக்கட்டு:
மாடிப்படி, தயவுசெய்து அந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். இன்றைக்குத் தவறு வீட்டுக்காரர் பக்கம். வாடகையை நிறுத்திய மறுநாளே பேச்சு பழுதை விட்டுவிட்டுப் பாக்கிக்குப் போய்விடும். காலி செய்யச் சொல்ல அவருக்குக் காரணமும் கிடைத்துவிடும். வாடகையைக் குறைக்கவோ பிடித்துவைக்கவோ சில இடங்களில் சட்டத்திலேயே வழி உண்டு. ஆனால் அதற்கென்று முறை இருக்கும், முன்னறிவிப்பு கொடுக்க வேண்டியிருக்கும், சில சமயம் நீதிமன்ற அனுமதியே தேவைப்படும். கோபத்தில் செய்கிற காரியம் இல்லை அது.

மாடிப்படி:
நான் செய்தேன், வேலை நடந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

அவசரக்குடி:
மன்னிக்கவும், ஆபீஸில் இருந்தேன். சுவரில் ஓதம். படுக்கையறையில், கட்டிலுக்குப் பின்னால். பெயிண்ட் கொப்பளித்து உதிர்கிறது, மூலையில் கருப்பாகப் பூஞ்சை. அலமாரியில் துணியெல்லாம் ஒரே வாடை. குழந்தைக்கு இருமல் வேறு. ஒப்பந்தம் இருக்கிறது, எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

சுண்ணாம்புக்கல்:
அது வெளிச்சுவரா, உள்சுவரா? மறுபக்கம் என்ன இருக்கிறது? மேலே வீடு உண்டா? ஈரம் கூரையிலிருந்து இறங்குகிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா? தரை ஓதம் என்றால் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். மழைக்கு மட்டும் வருகிறதா? இன்னொன்று, இதுதான் முதலில் வேண்டும்: அந்தச் சுவரில் ஸ்விட்ச் போர்டு இருக்கிறதா?

ஜன்னலோரம்:
இவ்வளவு கேள்வியே வேண்டாம். இது அறைக்குள் இருக்கிற காற்றின் ஈரம்தான். ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள், உள்ளேயே துணி காயப்போடுவார்கள், கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள். குளிர்ந்த சுவரில் ஈரக்காற்று பட்டால் நீராகப் படியும், அங்கே பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்காரரும் இதைத்தான் சொல்லப்போகிறார், பாருங்கள்.

சுண்ணாம்புக்கல்:
காற்றின் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், சரி. பெயிண்ட் கொப்பளித்துக் காரையோடு உதிர்கிறது என்றால் எனக்குச் சுவரின் உள்ளிருந்து வருகிற தண்ணீர் மேல்தான் சந்தேகம். ஊகம் எதற்கு, சோதித்துப் பார்க்கலாம். ஈரமான இடத்தை மேலோட்டமாகத் துடைத்துவிட்டு ஒரு சாண் அலுமினியத் தாளை வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். ஓரிரு நாள் விடுங்கள். அறைப் பக்கம் தாள் நனைந்திருந்தால் ஜன்னலோரம் சொல்வது சரி. தாளைப் பிரித்தால் சுவர்ப் பக்கம் நனைந்திருக்கிறது என்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதையும் போட்டோ எடுத்துக் கடிதத்தோடு வையுங்கள்.

தண்ணீர் மீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் தண்ணீர் வரும் குழாயில் கசிவு. நகரவில்லை என்பதால் கசிவே இல்லை என்று ஆகாது. கழிவுநீர்க் குழாய் ஒழுகினால் மீட்டருக்குத் தெரியாது, புழங்கும்போது மட்டும்தான் ஒழுகும்.

வெள்ளைப்பூச்சு:
இதுக்கா இவ்வளவு? சுரண்டிவிட்டு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் முடிந்தது. வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டவே வேண்டாம்.

சுண்ணாம்புக்கல்:
உள்பக்கம் பூசி மூடினால் தண்ணீர் நின்றுவிடுமா? போக வழியில்லாமல் பக்கவாட்டில் பரவும். சுவருக்குள் இருக்கிற உப்பு தண்ணீரோடு வந்து பெயிண்டுக்கு அடியில் பூக்கும், அடுத்த கொப்பளம் ஒரு அடி தள்ளி வரும்.

வெள்ளைப்பூச்சு:
நல்ல கம்பெனிப் பெயிண்டாக வாங்கினால் வராது. எங்கள் வீட்டில் அடித்து வருஷக்கணக்காகிறது.

பழையகணக்கு:
உங்கள் வீட்டில் கசிவு நின்றபின் அடித்தீர்களா, கசியும்போதே அடித்தீர்களா? இந்த வித்தியாசம் புரியாமல்தான் இங்கே மாதாமாதம் இதே பேச்சு.

வெள்ளைப்பூச்சு:
எல்லாம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் போல. உதவி கேட்டு வந்தவரை விட்டுவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

ஜன்னலோரம்:
பெயிண்ட் சண்டைக்குத் தனியாக ஓர் இழை திறந்துகொள்ளுங்களேன். இங்கே விஷயம் காற்றோட்டம்.

அவசரக்குடி:
உள்சுவர்தான். கூரையை ஒட்டி ஆரம்பித்துக் கீழே இறங்குகிறது. மழையே இல்லாதபோதும் ஈரமாக இருக்கிறது. அந்த மூலைக்கு நேர் மேலே மேல் வீட்டுப் பாத்ரூம் வரும் என்று நினைக்கிறேன். மேல் வீடும் இவருடையதுதான், வேறு ஆள் வாடகைக்கு இருக்கிறார். கடிதம்?

பழையகணக்கு:
மேல் வீடும் அவருடையது. மொத்த விவகாரமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது, அதை இத்தனை பதிவுக்குப் பிறகு சொல்கிறீர்கள். வேறு உரிமையாளர் என்றால் "நான் என்ன செய்ய முடியும்" என்று உங்கள் வீட்டுக்காரர் கையை விரிக்கலாம். இப்போது அதற்கு வழியில்லை.

கோப்புக்கட்டு:
சரி, ஒரு வரைவு தருகிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதை நிரப்பிக்கொள்ளுங்கள்.

"பொருள்: படுக்கையறைச் சுவரில் நீர்க்கசிவைச் சரிசெய்து தருமாறு கோருதல்.

ஐயா, தங்களுக்குச் சொந்தமான (முகவரி) வீட்டில் (தேதி) முதல் வாடகைக்குக் குடியிருக்கிறேன். படுக்கையறையில் (எந்தப் பக்கம்) சுவரில் கூரையிலிருந்து கீழ்நோக்கி ஈரம் பரவி வருகிறது. இதை முதலில் கவனித்தது (தேதி). (தேதி) அன்று தொலைபேசியிலும், (தேதி) அன்று வாட்ஸ்அப்பில் படங்களுடனும் தங்களுக்குத் தெரிவித்தேன். இன்றுவரை யாரும் வந்து பார்க்கவில்லை.

இப்போது பெயிண்டும் பூச்சும் உதிர்கின்றன. மூலையில் கரும்பூஞ்சை படர்ந்துள்ளது. மழையில்லாத நாட்களிலும் ஈரம் குறையவில்லை. ஈரமான பகுதிக்கு மேலே மாடி வீட்டுக் குளியலறை இருப்பதாகத் தெரிகிறது. தக்க ஆளை வைத்துக் காரணத்தை உறுதிசெய்ய வேண்டும்.

(தேதி)க்குள் கசிவின் காரணத்தைக் கண்டறிந்து நிறுத்தவும், சுவர் உலர்ந்தபின் பூச்சையும் பெயிண்டையும் சரிசெய்து தரவும் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தின் (எண்) பிரிவு இதைத் தங்கள் பொறுப்பாகக் குறிப்பிடுகிறது. (நாள், நேரம்) வீட்டில் இருப்போம், முன்தினம் சொன்னால் போதும். அந்தத் தேதிக்குள் இயலாவிட்டால் எப்போது இயலும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இணைப்பு: தேதியுடன் கூடிய படங்கள்."

ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தபிறகு அந்தப் பிரிவைப் பற்றிய வரியை வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பிரிவு இல்லையென்றால் வரியை எடுத்துவிடுங்கள்.

அவசரக்குடி:
ரொம்ப நன்றி. ஆனால் காரமே இல்லையே? குழந்தைக்கு இருமல் வந்ததே இவரால்தான், அதைப் போட வேண்டாமா? அட்வகேட்டைப் பார்ப்பேன் என்று ஒரு வரியாவது?

கோப்புக்கட்டு:
இதை அவர் மட்டும் படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதாதீர்கள். நாளைக்கு விஷயம் முற்றினால் உங்கள் இருவரையும் தெரியாத ஒருவர் இந்தக் காகிதத்தைக் கையில் எடுப்பார். எப்போது சொன்னார், என்ன கேட்டார், உள்ளே வந்து பார்க்க இடம் கொடுத்தாரா என்றுதான் தேடுவார். திட்டியிருந்தால் அதுவும் அவர் கண்ணில் படும்.

இருமலைப் போடுங்கள், ஆனால் இவரால் வந்தது என்று போடாதீர்கள். "இந்த அறையில் குழந்தை தூங்குகிறது, இருமல் இருப்பதால் அறையை மாற்றியிருக்கிறோம்" என்று நடந்ததை எழுதுங்கள். காரணத்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டின் நகலை இணைக்கலாம். வக்கீல் வரி இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். கெடு தாண்டினால் அடுத்த கடிதத்தில் வரட்டும்.

மாடிப்படி:
நீல டிக்கே இருக்கிறதே, அது சாட்சி ஆகாதா? காகிதம் எதற்கு?

கோப்புக்கட்டு:
உதவும், அழித்துவிடாதீர்கள். அந்த உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வேறு இடத்திலும் சேமித்து வையுங்கள், போன் மாறினால் போய்விடும். ஆனால் நாலு குட் மார்னிங்குக்கு நடுவே போன போட்டோவை "கவனிக்கவில்லை" என்று சொல்லிவிடலாம். கையில் கொடுப்பதானால் இரண்டு நகல் எடுங்கள், ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் அங்கேயே வாக்குவாதம் வேண்டாம், சேர்த்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

பழையகணக்கு:
கெடு எத்தனை நாள் என்பதை யாரும் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் சட்டம் வேறு, ஒப்பந்தத்திலேயே இருந்தால் அதுதான். இல்லையென்றால் 14 நாள் யாருக்கும் நியாயமாகத் தெரியும். "உடனடியாக" என்று எழுதாதீர்கள். உடனடி என்றைக்கு முடிகிறது என்று யார் சொல்வது?

சுண்ணாம்புக்கல்:
ஸ்விட்ச் போர்டு பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. அந்தச் சுவரில் இருந்தால் 14 நாள் எல்லாம் கிடையாது. அந்த அறைக்கான மெயினை இறக்கிவிட்டு இன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்காரருக்கும் இன்றே போன், அதை உறுதிப்படுத்தி ஒரு மெசேஜ்.

சுண்ணாம்புக்கல்:
அவசரக்குடி, இருக்கிறீர்களா?

வெள்ளைப்பூச்சு:
பெயிண்ட் வாங்கப் போயிருப்பார்.

அவசரக்குடி:
எல்லோருக்கும் நன்றி, வர நேரமில்லை. போர்டு அந்தச் சுவரில் இல்லை, எதிர்ச்சுவரில்தான். கடிதத்தை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடக் கொஞ்சம் யோசித்தார், போட்டுவிட்டார். கெடுவுக்கு முன்பே பிளம்பர் வந்தார். மேல் வீட்டுப் பாத்ரூம் வடிகாலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி வைத்துப் பார்த்தார், எங்கள் மூலையில் சொட்டியது. தரையில் வடிகாலைச் சுற்றி இடைவெளி விட்டுப்போயிருக்கிறதாம். உடைத்துச் சரிசெய்கிறார்கள். அடுத்த வாரம் எங்களுக்குப் பெயிண்ட் அடித்துத் தருகிறாராம்.

சுண்ணாம்புக்கல்:
அடுத்த வாரம் வேண்டாம் என்று சொல்லுங்கள். நனைந்த சுவர் காய வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதங்கள். உதிர்ந்த பூச்சைச் சுரண்டித் திறந்து போடச் சொல்லுங்கள். பெயிண்டுக்கு முன் அதே அலுமினியத் தாளை ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் பிறகு அடிப்பதாக அவரிடம் ஒரு வரி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஜன்னலோரம்:
எது எப்படியோ, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.