மலைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே பழகவேண்டிய கேமரா வேலைகள்: அனுபவப் பகிர்வு

கோவையிலிருந்து

வால்பாறைப் பக்கமோ கோத்தகிரிப் பக்கமோ மூடுபனிக்குள் எடுத்த படம் ஏன் மங்கலாய், சாம்பல் பூத்து வருகிறது? புதிதாகக் கேமரா வாங்கிய எல்லோரும் கேட்கிற கேள்வி இது. பதில் மொட்டைமாடியிலேயே இருக்கிறது. கொடியில் காயும் வெள்ளை வேட்டியை ஃபிரேம் முழுக்க நிரப்பி பி (புரோகிராம் ஆட்டோ) மோடில் ஒரு படம் எடுங்கள். வெறும் வெள்ளைத் துணியில் ஆட்டோஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலையும், அதனால் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கறுப்புக் குடையை விரித்து அதேபோல் இன்னொரு படம். இரண்டையும் திரையில் அடுத்தடுத்துப் பாருங்கள்: வேட்டியும் சாம்பல், குடையும் சாம்பல். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே காட்டப் பார்க்கும். அது வெள்ளையா கறுப்பா என்பது அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

மீட்டர் சொல்வதைவிடக் கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வைத்து வேட்டியையும், -1 வைத்து குடையையும் மறுபடி எடுங்கள். அடுத்து மூன்றில் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பானாலோ பாதியானாலோ அது ஒரு ஸ்டாப்) வீதம் ஏற்றி இறக்கி, எந்த இடத்தில் வேட்டியின் நெசவு தெரியாமல் வெளுத்துப்போகிறது என்று பாருங்கள். அந்த இடம் உங்கள் கேமராவின் எல்லை. அதைத் தெரிந்துவைத்திருப்பவருக்கு மலையில் திரையைப் பார்க்கவே தேவையிருக்காது. மூடுபனியும் வேட்டி மாதிரி வெள்ளைதான், அதற்கு +2/3 முதல் +1 வரை போதும். சூரியன் பனியை ஊடுருவ ஆரம்பித்துவிட்டால் +1/3க்கு இறக்கிவிடலாம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது வளைவை ஒட்டி வரையாடுகள் சாலையோரத்துக்கே வரும். பாறை விளிம்பில், வெளுத்த வானத்தின் முன்னால் நிற்கும். ஆட்டோவில் எடுத்தால் ஆட்டின் உருவம் மட்டும் கறுப்பாக விழும். வயதான கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் இருக்கும் வெளிர்நிறத் திட்டுதான் அந்தப் படத்தின் உயிர், அது மொத்தமாகக் காணாமல் போய்விடும். மீட்டரை, ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட்டுக்கு மாற்றி ஆட்டின் விலாவில் அளந்து எடுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 வரை தயங்க வேண்டாம். பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டு எடுக்கிற படம் படமே இல்லை என்பது என் கருத்து. தீனி தேடிச் சாலைக்கு வரப் பழகிய ஆடு கடைசியில் வண்டியில்தான் அடிபடும்.

மூடுபனியில் ஃபோகஸ் பிடிக்க மையப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மரத்தண்டும் பனியும் சேரும் விளிம்பில் வையுங்கள். ஆட்டோஃபோகஸுக்குத் தேவை கறுப்பு வெள்ளை வித்தியாசம், நடுக்காட்டுப் பனியில் அது கிடைக்கிற ஒரே இடம் அந்த விளிம்புதான்.

தேனியிலிருந்து

கோவை நண்பர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வீட்டில் பழகுவது ஏன் இப்போது முன்பைவிட அவசியம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையேறியவர்கள் பலியான 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. 2024 முதல் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும். குழு நடந்துகொண்டே இருக்கும். ஒரு பூவுக்கோ ஓடைக்கோ கிடைப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் மெனுவுக்குள் போய்த் தேடிக்கொண்டிருந்தால் மொத்தக் குழுவும் உங்களுக்காக நிற்க வேண்டியிருக்கும். இருட்டு அறையில் விளக்கைப் போடாமல் ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை), ஷட்டர், ஃபோகஸ் புள்ளி நான்கையும் விரலாலேயே மாற்றப் பழகுங்கள். விடியலுக்குப் பேர்போன கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஏறும்போது இருட்டாகத்தான் இருக்கும், மேலே போய் இறங்கியதும் வானம் சிவக்க ஆரம்பித்துவிடும்.

விடியலுக்கான பயிற்சி ஜன்னல்தான். பகலில் விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்சமான ஜன்னலும் அறையின் இருட்டு மூலையும் ஒரே ஃபிரேமில் வருமாறு கேமராவை ஸ்டூலில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8 (எண் கூடினால் துளை சிறுக்கும்), சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைல். ஜன்னலுக்கு வெளியே தெரியும் இலைகள் வெளுக்காத அளவுக்கு ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் நிழல் பகுதியை மட்டும் ஏற்றிப் பாருங்கள். இப்போதைய கேமராக்களில் மூன்று ஸ்டாப் வரை ஏற்றினாலும் தாங்கும். மாறாக, அறை நன்றாகத் தெரிய எடுத்து ஜன்னலை இறக்கப் பார்த்தால் வெளுத்த இடம் வெளுத்ததுதான், அங்கே தகவலே பதிவாகியிருக்காது. இந்த ஒரு பாடம் போதும்: விடியலில் வானத்துக்கு அளந்து எடுங்கள், மலைச்சரிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வித்தியாசம் அதற்கும் மேல் இருந்தால் -2, 0, +2 என்று மூன்று படம் எடுத்துச் சேர்க்கலாம். ஆனால் காற்றில் ஆடும் புல் முன்னால் இருந்தால் சேர்க்கும்போது புல் இரட்டை இரட்டையாகத் தெரியும்.

படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட வேண்டாம். விடியலின் ஆரஞ்சை அது பிழை என்று நினைத்துச் சரிசெய்துவிடும். டேலைட்டில் வைத்தால் கண்ணுக்குத் தெரிந்த நிறத்துக்குப் பக்கத்தில் வரும்.

திருச்சியிலிருந்து

தேனி அண்ணா, போன் கேமராவில் இதெல்லாம் முடியுமா?

தேனியிலிருந்து

முடியும் தம்பி. சூரியனுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் வானத்தைத் திரையில் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள், வானத்தின் நிறம் அடர்ந்து வரும். போனில் ப்ரோ மோடு இருந்தால் ராவாகவும் சேமிக்கலாம். டிஜிட்டல் ஜூம் மட்டும் வேண்டாம், வெட்டுவதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

நாகர்கோவிலிலிருந்து

தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மலையென்றால் ஓடையும் அருவியும் அட்டைப்பூச்சியும்தான்.

அருவிக்கான பயிற்சி குளியலறைக் குழாயில் நடக்கட்டும். 1/500ல் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நிற்கும். 1/30ல் இரண்டுங்கெட்டானாக இருக்கும். 1/4ல் நூல்நூலாக இழுபடும். 2 நொடிக்கு மேல் போனால் வடிவமே இல்லாத வெள்ளைப் பட்டை. எனக்கு 1/4க்கும் 1/2க்கும் நடுவில் இருப்பதுதான் பிடிக்கும், தண்ணீரின் வேகமும் தெரியும், எடையும் தெரியும்.

அந்த ஷட்டர் மலையில் கிடைக்குமா என்பது கணக்கு. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100க்கு எஃப் 11ல் 1/200 வரும். ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 8 ஃபில்டர் போட்டால் 1/25தான், போதாது. என்டி 64 போட்டால் 1/3 வரும். சோலைக்குள் நிழலில் நான்கு ஸ்டாப் வெளிச்சம் குறைவு, அதனால் அதே எஃப் 11ல் 1/12 ஏறக்குறைய கிடைக்கும். அதன் மேல், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் இரண்டு ஸ்டாப் குடித்தால் 1/3. ஆக, காட்டு ஓடைக்குப் போலரைசர் ஒன்றே போதும். நனைந்த இலை, பாறை மேல் பளபளக்கும் வெள்ளைப் பூச்சையும் அது எடுத்துவிடும், பச்சை பச்சையாகவே வரும். முதலில் ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் போலரைசரை வாங்குங்கள். எஃப் 16, எஃப் 22 என்று மூடி ஷட்டரைக் குறைக்கிற வழி வேண்டாம், ஒளி சிறு துளையில் வளைந்து படம் முழுக்க மழுங்கும்.

டிரைபாடில் வைத்தால் லென்ஸில் உள்ள, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு 2 நொடி டைமர் வையுங்கள். டிரைபாட் கால் ஓடும் தண்ணீருக்குள் நின்றால் அதிர்வு தெரியும், மூன்று காலும் பாறை மேல் இருக்க வேண்டும்.

படத்தைவிடக் கேமராவைக் காப்பாற்றுவது பெரிய வேலை. மலைமேல் விடிகாலைக் குளிரில் இருந்த கேமராவைச் சமவெளிக்கு இறக்கி உடனே பையைத் திறந்தால், கீழே இருக்கும் ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு முத்து முத்தாக நீர்கோத்துவிடும். வெளிக் கண்ணாடியில் கோத்ததைத் துடைக்கலாம், உள் கண்ணாடியில் கோத்தது பூஞ்சைக்கு வழி. இறங்கும் முன்பே, மேலேயே, காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். கீழே வந்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, கவரைத் தொட்டால் குளிர்ச்சி தெரியாதபோது திறக்கலாம். ஏசி காரிலிருந்து இறங்கும்போதும் இதே கதைதான்.

வீட்டில் கேமராப் பையிலேயே லென்ஸை மாதக்கணக்கில் வைத்திருப்பது தவறு. பையின் ஃபோம் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ரப்பர் விளிம்பு உள்ள 15 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பத மீட்டர் ஒன்று, இவ்வளவு போதும். முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், 30க்குக் கீழே காய்ந்தாலும் நல்லதில்லை. நிறம் மாறிய ஜெல்லைச் சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில் சிறு தீயில் கிளறினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அரிசியில் போட்டுவைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், தவிட்டுத் தூசிதான் மிச்சம்.

அட்டைக்கு முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டை சாக்ஸ். மூக்குப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஷூவில் தடவுகிறவர்கள், கேமராவைத் தொடும் முன் கையைச் சுத்தமாகத் துடைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் எண்ணெய் விரல் பட்டால் காட்டுக்குள் அதை எடுக்க வழியில்லை. டிரைபாடை மடக்கும்போது கால்களை ஒருமுறை பாருங்கள், அட்டை அதில்தான் ஏறி வரும்.

சென்னையிலிருந்து

மலையே இல்லாத ஊரிலிருந்து எழுதுகிறேன், பூச்சி போன்ற சிறியவற்றை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ பற்றி. தனி மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன், கையிலிருக்கும் லென்ஸைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். லென்ஸின் முன்பக்க மரையில் திருகி, மறுபக்கம் கேமரா மவுண்ட்டில் பொருந்தும் ரிவர்ஸ் ரிங் ஒன்று போதும். 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று அளவு வரும், அதாவது பொருள் தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். 28 மி.மீ. திருப்பினால் இரண்டு மடங்கு. லென்ஸ் எவ்வளவு அகலக் காட்சி காட்டுவதோ (மி.மீ. எவ்வளவு குறைவோ) அவ்வளவு பெரிதாகும், இது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும். பொருளிலிருந்து உள்ள இடைவெளி எந்த டிஎஸ்எல்ஆர் லென்ஸானாலும் நான்கு சென்டிமீட்டருக்குப் பக்கம்தான்.

திருப்பிய லென்ஸோடு கேமரா பேசாது. கேனான் லென்ஸ் முழுதாகத் திறந்தே நிற்கும். அதற்கு வழி: லென்ஸை நேராக மாட்டி எஃப் 8 வையுங்கள், துளையைச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றுங்கள். துளை எஃப் 8லேயே உறைந்து நிற்கும். தனி பட்டன் இல்லாத சில மாடல்களில் செட் பட்டனுக்கு அந்த வேலையை ஒதுக்கலாம். நிக்கானில் அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய டி வகை லென்ஸ்தான் சுலபம். வளையம் இல்லாத ஜி வகையில் பின்பக்கம் உள்ள சிறு நெம்புகோலை மடித்த காகிதத்தால் அண்டக்கொடுத்து நிறுத்த வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப் 8 வைத்தாலும் துலங்குவது முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஃபோகஸ் வளையத்தைத் தொடாதீர்கள். உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து, கண் துலங்கும் நொடியில் அழுத்துங்கள். இடது கையால் கிளையைப் பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸைச் சாய்த்துவிட்டால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வெளிச்சத்துக்கு ஃப்ளாஷ் வேண்டும். ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் மேனுவலில் முழுச் சக்தியின் 1/8. வெறும் ஃப்ளாஷ் பூச்சியின் முதுகில் வெள்ளைப் பொட்டு வைக்கும், லென்ஸின் நிழலும் விழும். எலெக்ட்ரானிக் பொருட்களைச் சுற்றிவரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டை 20க்கு 15 சென்டிமீட்டர் வெட்டி, ஃப்ளாஷ் தலையிலிருந்து லென்ஸ் முனைக்கு மேல் வளைந்து நிற்கும்படி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஃபோம் பொருளுக்கு நெருங்க நெருங்க வெளிச்சம் மென்மையாகும்.

இனி பழக ஓர் ஆள் வேண்டும். வீட்டு மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு இருந்தால் அந்த வரிசையைக் கவனியுங்கள். அதே செம்பு நிறத்தில், அதே நடையில், சற்று விலகியே ஓடும் ஒன்று இருக்கும். அது எறும்பு இல்லை, எறும்பு வேடமிட்ட தாவும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புபோல் தூக்கி ஆட்டும், எண்ணிப் பார்த்தால் கால் எட்டு. முகத்தில் பெரிய கண் இரண்டு முன்னோக்கிப் பார்க்கும். விரல் நெருங்கினால் நூல் விட்டுக் கீழே தொங்கும், எறும்பு அப்படிச் செய்யாது. ஆணுக்குத் தாடை இன்னோர் எறும்பைக் கவ்வியிருப்பதுபோல் முன்னால் நீண்டிருக்கும். பெண் சுமார் 7 மி.மீ. நீளம். ஒன்றுக்கு ஒன்றில் எடுத்தால் ஏபிஎஸ்-சி என்னும் சிறு வகைச் சென்சாரின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிரப்பும், அதனால் 28 மி.மீ. லென்ஸைத் திருப்புங்கள். நிற்கவே நிற்காத இந்தச் சிலந்தியை எடுக்கத் தெரிந்துவிட்டால் மலையில் எந்தப் பூச்சியும் கஷ்டமில்லை.

படத்துக்காகப் பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மயக்கி எடுப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். மடங்கிய கால்களைப் பார்த்தாலே தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். காட்டில் தவளையைக் கையால் பிடித்து இடம் மாற்றுவதும் கூடாது, கையிலிருந்து அதன் தோலுக்கு நோய் போகும்.

திருச்சியிலிருந்து

ரிங் வாங்கும்போது என்ன அளவு கேட்க வேண்டும்?

சென்னையிலிருந்து

லென்ஸ் முனையில் வட்டத்தில் ஒரு கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்தான் மரை அளவு. கேனான் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் என்றால் 49, கேனான் 18-55 கிட் லென்ஸ் என்றால் 58, நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8 டி என்றால் 52. அந்த எண்ணோடு கேமரா மவுண்ட்டின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். 28 மி.மீ. லென்ஸுக்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டாம், 18-55ஐ 28ல் வைத்துத் திருப்பினாலே போதும். ஆனால் அதன் முன் வளையம் லேசான பிளாஸ்டிக், கேமராவைத் தூக்கும்போது லென்ஸையும் சேர்த்துத் தாங்கிப் பிடியுங்கள். திருப்பிய லென்ஸின் பின் கண்ணாடியும் மின் தொடுபுள்ளிகளும் வெளிப்பக்கம் திறந்தே இருக்கும், மழைச்சாரலில் அதை எடுக்கவே வேண்டாம்.