நிச்சயத்துக்கு முன் மாத்திரையைப் பற்றிச் சொல்லலாமா?

கேள்வி:
பாளையங்கோட்டையைச் சேர்ந்த எனக்குத் தை மாதம் திருமணம். மூன்று ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவருகிறேன். அம்மாவோ மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, "கல்யாணம் முடியட்டும்" என்கிறார்கள். மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்வது முறைதானா?

பதில் 1:
சொல்லிவிடுங்கள், தங்கச்சி. நான் மறைத்தேன், திருமணமான வாரமே மாத்திரையை நிறுத்தி, தூக்கமின்றித் தவித்து, கடைசியில் தாமிரபரணிப் படித்துறையில் அழுதபடியே கணவரிடம் சொன்னபோது, நோயைவிட நான் மறைத்ததுதான் அவரை அதிகம் வருத்தியது.

பதில் 2:
மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். குழந்தை பெறும் எண்ணத்தையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மனநல மருந்துகளில் வால்புரோயேட் போன்ற சில, கருவைப் பாதிக்கக்கூடியவை. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவரும் சேர்ந்தே போகலாம். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கேட்டவர்:
ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லப்போகிறேன், அக்கா. அட்டையைப் பானையிலிருந்து எடுத்துவிட்டேன்.