‘ஸ்லீப்பர்’ வீரருக்குத் தமிழில் என்ன சொல்வது? கல்லூரிக் கால்பந்து ஃபேன்டசிக்கான சொற்கள்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஃபேன்டசி ஆட்டத்துக்கான சொற்பட்டியலில் ‘ஸ்லீப்பர்’ (திறமை இருந்தும் பலர் கவனத்தில் படாத வீரர்) என்பதற்கு இணையாக இந்த இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: உறங்குநர், கவனிக்கப்படாதவர், மறைசுடர். மூன்றும் அக்கறையோடு முன்வைக்கப்பட்டவை. ஆனாலும், பருவத்தின் முதல் வாரத்துக்கு அணி அமைக்க உட்காரும் ஒருவருக்கு இவற்றில் எதுவும் வழி காட்டாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கான காரணங்களையும் ஒரு மாற்றுப் பரிந்துரையையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தைப் பின்தொடராத நண்பர்களுக்காகச் சில வரிகள். ஃபேன்டசியில் பல அணிகளின் வீரர்களைத் தேர்ந்து நமக்கென ஒரு கற்பனை அணி அமைக்கிறோம். உண்மையான ஆட்டங்களில் அவர்கள் எடுக்கும் யார்டுகளும் (பந்தை முன்னே கொண்டுசெல்லும் தூரம்) டச் டவுன்களும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) நமது அணியின் புள்ளிகளாக மாறுகின்றன. எறிந்து கடத்தும் 25 யார்டுக்கு 1 புள்ளி, எறிந்து பெற்ற டச் டவுனுக்கு 4, ஓடியோ பந்தைப் பிடித்தோ எடுக்கும் 10 யார்டுக்கு 1, அவ்வாறு பெற்ற டச் டவுனுக்கு 6 என்பது பரவலாக வழங்கும் கணக்கு. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 32 அணிகள்தாம் உண்டு. கல்லூரிகளின் மேல்நிலைப் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. அத்தனை அணிகளின் வீரர்களையும் யாராலும் முழுதாகக் கவனித்துவிட முடியாது என்பதால், கவனத்தில் விழாமல் போகும் திறமை தொழில்முறை ஆட்டத்தைவிட இங்கே மிகுதி. நாம் தேடும் சொல்லுக்கு இங்குள்ள தேவையும் அதனால்தான் பெரிது.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ஆங்கிலச் சொல்லின் பொருள் அப்படியே இருக்க ‘உறங்குநர்’ போதும்.

உறங்குநர் என்றால் வீரர் உறங்குகிறார் என்றாகிறது. இங்கே வீரர் விழித்துத்தான் இருக்கிறார். அவரைப் பார்க்காதவர்கள் நாம். மேலும், ‘ஸ்லீப்பர்’ என்றதும் தமிழ் வாசகருக்கு ரயிலின் படுக்கைப் பெட்டியும் செய்தித்தாளில் வரும் ‘ஸ்லீப்பர் செல்’லும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அந்த ஆங்கிலச் சொல்லையே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதன் குழப்பங்களும் கூடவே வந்து சேரும்.

‘கவனிக்கப்படாதவர்’ பிழையற்ற சொல்தான், ஆனால் பாதிப் பொருளையே சொல்கிறது. கவனிக்கப்படாத வீரர்களில் பெரும்பாலோர் கவனிக்கப்படாமல் இருப்பதற்குத் தக்க காரணம் இருக்கும். திறமை உண்டு என்ற மறுபாதி அந்தச் சொல்லுக்குள் இல்லை.

‘மறைசுடர்’ கேட்க அழகாக இருக்கிறது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் அது வினைத்தொகை. மறைந்த சுடர், மறைகின்ற சுடர், மறையும் சுடர் என்று முக்காலத்துக்கும் விரியும். சுடர் என்பது ஞாயிற்றையும் குறிக்கும் சொல் என்பதால், மறைசுடர் என்றதும் மாலைச் சூரியனே கண்முன் வருகிறது. ஆட்டத்திறன் சரிந்துவரும் மூத்த வீரருக்கு அது பொருந்தலாம். நாம் தேடுவது அதற்கு நேர் எதிரானவரை.

சொல்லைத் தேடுவதற்கு முன், இந்த வகை வீரர் ஒருவரைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. பெய்லி ஸாப்பி 2020 வரை ஹூஸ்டன் பாப்டிஸ்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். அந்த அணி எஃப்பிஎஸ்ஸுக்கு அடுத்த நிலையான எஃப்சிஎஸ் பிரிவில் ஆடியது. 2020 செப்டம்பரில் அது மேல்நிலைப் பிரிவின் டெக்ஸஸ் டெக் அணியோடு மோதி 35-33 என்ற கணக்கில் தோற்றது. அந்த ஒரே ஆட்டத்தில் ஸாப்பி 567 யார்டு எறிந்திருந்தார். 2021-இல் அவர் வெஸ்டர்ன் கென்டக்கிக்கு மாறினார். அவருடைய தாக்குதல் ஆட்டத்தை வகுத்த சாக் கிட்லியும், அவர் எறிவதைப் பிடித்துப் பழகிய ரிசீவர் ஜெரெத் ஸ்டெர்ன்ஸும் அதே அணிக்கு வந்து சேர்ந்தார்கள். எறிபவர், பிடிப்பவர், ஆட்டத்தை வகுப்பவர் மூவரும் அப்படியே இருக்க, சீருடை மட்டும் மாறியது. செப்டம்பர் 2 அன்று, எஃப்சிஎஸ் அணியான டென்னசி-மார்ட்டினுக்கு எதிரான முதல் ஆட்டத்தை வெஸ்டர்ன் கென்டக்கி 59-21 என்று வென்றது. ஸாப்பி 424 யார்டும் 7 டச் டவுன்களும் எறிந்தார். மேலே சொன்ன கணக்கில் இவை மட்டுமே ஏறத்தாழ 45 புள்ளிகள். அந்தப் பருவத்தை அவர் 5,967 யார்டு, 62 டச் டவுன் என்று முடித்தார். இரண்டும் எஃப்பிஎஸ்ஸில் ஒரே பருவத்துக்கான சாதனைகள். ஸ்டெர்ன்ஸ் 150 முறை பந்தைப் பிடித்து 1,902 யார்டு எடுத்தார்.

இந்த வீரரின் திறமை ஒளிந்துகொண்டிருக்கவில்லை. எண்களும், சான்றாக ஓர் ஆட்டமும், பழகிய பயிற்சியாளரும் எல்லோரும் காணும்படியே இருந்தன. ஆனால் அந்த எண்கள் எஃப்பிஎஸ் அட்டவணைகளுக்கு வெளியே, வேறொரு பிரிவில் பதிவாகியிருந்தன. இந்த நிலையைச் சொல்ல நம்மிடம் பள்ளிக்கூடத்திலேயே படித்த மரபுத்தொடர் ஒன்று உண்டு: குடத்திலிட்ட விளக்கு. விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அது வைக்கப்பட்ட இடம் வெளிச்சத்தை மறைக்கிறது. எனவே என் பரிந்துரை ‘குடவிளக்கு’. குடவிளக்கு வீரர், குடவிளக்கு ரிசீவர், குடவிளக்குப் பட்டியல் என்று தொடர்களில் தடையின்றிச் சேரும். இதன் மறுமுனையான ‘குன்றின் மேலிட்ட விளக்கு’ம் எல்லோருக்கும் தெரிந்தது என்பதால், எல்லோரும் அறிந்த நட்சத்திர வீரரைக் ‘குன்றுவிளக்கு’ என்று சொல்லிக்கொள்ளவும் வழி பிறக்கிறது.

‘குத்துவிளக்கு’ என்று காதில் விழும் என்ற ஆட்சேபம் எழக்கூடும். பேச்சில் அப்படி நேரலாம். எழுத்தில் குழப்பம் இல்லை. நாம் தொகுப்பது எழுத்தில் வாசிப்பவர்களுக்கான பட்டியல் என்பதால் இதைப் பெரிய தடையாக நான் கருதவில்லை.

அதைவிட முக்கியமானது, இந்தச் சொல்லுக்கு ஓர் எல்லை வகுப்பது. ஆங்கிலத்தில் ‘ஸ்லீப்பர்’ என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு வகையினரைச் சேர்த்துக் குறித்துவிடுகிறது. தமிழில் புதிதாகச் சொல் ஆக்கும் நாம் அந்தக் கலப்பை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை எடுத்துக்கொள்வோம். 2018-இல் அவர் 16 டச் டவுன்கள் எறிந்தார். நாடறிந்த பெரிய அணி; ஒவ்வொரு வாரமும் தொலைக்காட்சியில் வரும் ஆட்டம். ஆகவே அவர் எந்தக் குடத்துக்குள்ளும் இருக்கவில்லை. 2019-இல் பயிற்சியாளர் ஜோ பிரேடி வந்து எறியாட்டத்தை மாற்றியமைத்தார். ஆகஸ்ட் 31 அன்று ஜார்ஜியா சதர்னை 55-3 என்று வென்ற முதல் ஆட்டத்தில் பர்ரோ 27 எறிகளில் 23-ஐச் சேர்த்து 278 யார்டும் 5 டச் டவுன்களும் எடுத்தார். பருவத்தை 60 டச் டவுன்களோடு முடித்து கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதும் பெற்றார். அந்த 60-ஐத்தான் இரண்டே ஆண்டுகளில் ஸாப்பி கடந்தார். பர்ரோவின் கதை மறைந்திருந்ததன் கதையன்று, சூழல் மாறியதும் வளர்ந்ததன் கதை. இவ்வகையினருக்கு ‘எழுச்சி வீரர்’ என்ற தனிச்சொல் இருக்கட்டும்.

மூன்றாவது வகை டிலன் எட்வர்ட்ஸைப் போன்றவர்கள். 2022-இல் 12 ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்ற கொலராடோ, 2023 செப்டம்பர் 2 அன்று, முந்தைய பருவத்தில் தேசிய இறுதி ஆட்டம் வரை சென்ற டெக்ஸஸ் கிறிஸ்டியனை அதன் சொந்த மைதானத்தில் 45-42 என்று வென்றது. கொலராடோவின் முதலாண்டு மாணவரான எட்வர்ட்ஸ் அதில் பந்தைப் பிடித்து மூன்று, ஓடி ஒன்று என நான்கு டச் டவுன்கள் எடுத்தார். பிடித்தே 135 யார்டு. அவருக்கு அதற்கு முன் கல்லூரி ஆட்ட எண் என்று ஒன்றுகூட இல்லை. அந்த உச்சத்தை அந்தப் பருவத்தில் அவர் மறுபடி தொடவும் இல்லை. அடுத்த ஆண்டு அவர் கான்சஸ் ஸ்டேட் அணிக்கு மாறிவிட்டார். 2018 முதல் முதலாண்டு மாணவர் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் தகுதியாண்டை (கல்லூரி அணியில் ஆட அனுமதிக்கப்படும் ஆண்டுகளில் ஒன்றை) இழப்பதில்லை என்ற விதி இருப்பதால், பயிற்சியாளர்கள் தொடக்க ஆட்டங்களில் இத்தகையவர்களைத் தயங்காமல் இறக்குகிறார்கள். ஆனால் யாரை இறக்குவார்கள் என்பதற்கு நமக்குச் சான்று கிடையாது. இவர்களைப் ‘புதுமுகம்’ என்றே சொல்லலாம். புதுமுகத்தையும் குடவிளக்கையும் ஒரே சொல்லில் அடைத்தால், சான்றுள்ளவரையும் அதிர்ஷ்டத்தை நம்பி எடுக்கப்படுபவரையும் வாசகர் ஒரே தட்டில் வைத்துவிடுவார். முதல் வாரத்தில் அதுவே மிகவும் இழப்பைத் தரும் தவறு.

சான்றைப் படிப்பதிலும் கவனம் தேவை. கல்லூரிக் கணக்கில், குவார்ட்டர்பேக் எறிவதற்கு முன் எதிரணியிடம் சிக்கி இழக்கும் யார்டு அவருடைய ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. என்எஃப்எல்லில் அப்படிக் கழிப்பதில்லை. ஓடி 60 யார்டு எடுத்தவர் 25 யார்டு சிக்கி இழந்தால் ஏட்டில் 35 என்றே நிற்கும். பலவீனமான தடுப்பு வரிசைக்குப் பின்னால் சென்ற ஆண்டு முழுவதும் ஆடிய ஒருவர் ஓடவே தெரியாதவர் போல அட்டவணையில் தோன்றுவார். நல்ல தடுப்பு வரிசை உள்ள அணிக்கு அவர் மாறியிருந்து, முதல் வாரத்தில் எஃப்சிஎஸ் அணி ஒன்று எதிரே வந்தால், நான் அவரைத் தயங்காமல் குடவிளக்குப் பட்டியலில் சேர்ப்பேன்.

அடுத்து, ஒரு வீரரை அந்த வாரப் புள்ளிக் கணக்கில் சேர்ப்பதைக் குறிக்கும் ‘ஸ்டார்ட்’ என்ற சொல். சிலர் ‘தொடங்கு’ என்கிறார்கள். அது இங்கே பொருள் தராது. ‘களமிறக்கு’ என்பது நல்ல சொல், ஆனால் உண்மையான ஆட்டத்தில் பயிற்சியாளர் செய்வதும் அதுதான். பயிற்சியாளர் களமிறக்கும் வீரரை நாம் வெளியே உட்காரவைப்பதும் உண்டு. நாம் நம்பி எடுத்தவரைப் பயிற்சியாளர் களமிறக்காமல் விடுவதும் உண்டு. இரண்டு செயலுக்கும் ஒரே வினையை வைத்தால் ஒவ்வொரு வாக்கியத்திலும் விளக்கம் சேர்க்க நேரும். எனவே எவருடைய புள்ளிகள் அந்த வாரக் கணக்கில் சேருமோ அவர்களின் தொகுதியைப் ‘புள்ளியணி’ என்றும், மற்றவர்களின் தொகுதியை ‘இருப்பணி’ என்றும் வழங்கலாம். ‘இந்த வாரம் இவரைப் புள்ளியணியில் சேருங்கள், அவரை இருப்பணியில் வையுங்கள்’ என்றால் எவருக்கும் ஐயம் வராது.

இந்த வேறுபாடு முதல் வாரத்தில் ஏன் அவசியம் என்பதற்கு, அணிகள் வெளியிடும் வரிசைப் பட்டியலைப் பார்த்தாலே போதும். பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் என்ற இடத்துக்கு நேரே ஒரு பெயர், அதன் கீழே இன்னொரு பெயர், இரண்டுக்கும் நடுவில் ‘அல்லது’ என்ற ஒற்றைச் சொல். முதல் பந்தை யார் வாங்குவார் என்பதைப் பயிற்சியாளர் சனிக்கிழமை வரை சொல்லாமல் வைத்துக்கொள்ள அந்த ஒரு சொல் போதுமானது. சில பயிற்சியாளர்கள் பட்டியலையே வெளியிடுவதில்லை. பல பெரிய கல்லூரி அணிகள் தமக்குள் ஆடும் எஸ்இசி அமைப்பு 2024 முதல் வீரர்கள் ஆடும் நிலையில் உள்ளனரா என்ற அறிக்கையை அணிகளிடம் கேட்கிறது, ஆனால் அந்த அமைப்புக்குள் நடக்கும் ஆட்டங்களுக்கு மட்டுமே. தொடக்க வார ஆட்டங்களோ பெரும்பாலும் வெளி அணிகளோடு நடப்பவை. ஆகவே ‘அல்லது’ போட்ட இடத்தில் உள்ளவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் முதல் வாரம் இருப்பணியில் வைப்பதே சரி என்பது என் கருத்து. இதற்கு ஒரு விலக்கு உண்டு: பலம் மிக்க அணி எளிய எதிரியோடு மோதும்போது முதல் ரன்னிங் பேக் இடைவேளையோடு ஓய்வுக்குப் போய்விடுவார், பின்பாதி முழுவதும் பந்து இரண்டாமவர் கைக்குப் போகும். அத்தகைய ஆட்டத்தில் அந்த இரண்டாமவரைப் புள்ளியணியில் துணிந்து சேர்க்கலாம்.

கடைசியாக ஒரு சிறு சொல். ஆகஸ்ட் இறுதியில் சில ஆட்டங்கள் மட்டும் நடக்கும் ‘வீக் ஜீரோ’வைச் ‘சுழிய வாரம்’ என்று எழுதலாம். 2024-இல் ஜார்ஜியா டெக் டப்ளினில் ஃபுளோரிடா ஸ்டேட்டை 24-21 என்று வென்றது அவ்வாரத்தில்தான். சில குழுக்கள் அதை முதல் வாரத்தோடு சேர்த்து ஒரே கணக்காக எடுக்கின்றன, சில விட்டுவிடுகின்றன. எனவே ‘தொடக்க வாரம்’ என்ற பதிவில் இரண்டு வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும்.

குடவிளக்கு, எழுச்சி வீரர், புதுமுகம், புள்ளியணி, இருப்பணி, சுழிய வாரம் ஆகிய ஆறையும் பட்டியலில் ஏற்ற முன்மொழிகிறேன். இவற்றில் ‘இருப்பணி’ பற்றி மட்டும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு: இருப்பு அணி என்று பிரியாமல், இருப்புப் பணி என்று யாரேனும் படித்துவிடக்கூடுமா? இதைவிடத் தெளிவான சொல் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். சுழிய வாரத்துக்கு முன் முடிவு செய்துவிட்டால் இந்தப் பருவக் கட்டுரைகளிலேயே பயன்படுத்தத் தொடங்கலாம்.

அன்புடன்,
குழு உறுப்பினர்