கார்த்தி, அந்தப் பொத்தானை அழுத்தாதே

குழு: மதுரை பெரிய வீடு
1 பிப்ரவரி 2025, சனிக்கிழமை

சித்தப்பா (மதுரை): எல்லாரும் பட்ஜெட் பார்த்தீர்களா? புது வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 கழிவும் சேர்த்தால் 12.75 லட்சம்.

சித்தி: காலையிலிருந்து டிவி முன்னால்தான் இருக்கிறார். சாப்பாடும் அங்கேயேதான்.

கார்த்தி (டல்லாஸ்): அப்பா, இங்கேயும் வரி சீசன் ஆரம்பித்துவிட்டது. நேற்று டபிள்யூ-2 வந்தது. ரூமில் எல்லாரும் ஒரு ஆப்பில் கணக்கு போட்டார்கள், நானும் போட்டுவிட்டேன். 2,900 டாலர் ரீஃபண்ட் காட்டுகிறது!

சித்தப்பா (மதுரை): நல்லது. டபிள்யூ-2 என்பது நம் ஊர் ஃபார்ம் 16 மாதிரி, சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் தாள்தானே?

கார்த்தி (டல்லாஸ்): ஆமாம்ப்பா. இதோ பாருங்கள்.
[படம்]

அகிலா (எடிசன்): கார்த்தி, அந்தப் படத்தை உடனே அழி. உன் சோஷியல் செக்யூரிட்டி எண் முழுசாகத் தெரிகிறது. குடும்பக் குழுவாக இருந்தாலும் வேண்டாம்.

கார்த்தி இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்

அகிலா (எடிசன்): ரிட்டர்னை அனுப்பிவிட்டாயா?

கார்த்தி (டல்லாஸ்): இல்லை அக்கா, ஒரு பொத்தான்தான் பாக்கி.

அகிலா (எடிசன்): அதை அழுத்தாதே. அந்த ஆப் போட்டது 1040, இங்கே ரெசிடென்ட்டாக இருப்பவர்கள் போடும் வரிப் படிவம். நீ போட வேண்டியது நான்ரெசிடென்ட்டுக்கான 1040-என்ஆர். நீ எஃப்-1 மாணவர் விசாவில் 2023 ஆகஸ்டில் வந்தாய். ஒருவர் ரெசிடென்ட்டா என்று இங்கே இருந்த நாட்களை எண்ணித்தான் பார்ப்பார்கள்; மாணவனுக்கு முதல் 5 காலண்டர் வருடம் அந்த நாட்கள் கணக்கில் சேராது. ஆகஸ்டில் வந்தாலும் 2023 ஒரு முழு வருடம்தான். ஆக 2027 வரை வரிச் சட்டப்படி நீ நான்ரெசிடென்ட்.

கார்த்தி (டல்லாஸ்): ஆப் அப்படி எதுவும் கேட்கவில்லையே?

அகிலா (எடிசன்): அதுதான் பிரச்சினை. "என்ன விசா, எப்போது வந்தாய்?" என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

பெரியம்மா (மதுரை): அகிலா, தம்பியைப் பயமுறுத்தாதே. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

அகிலா (எடிசன்): அம்மா, நான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வகுப்புக்குப் போனேனே, அது இதற்குத்தான். ஃபெடரல் இன்கம் டாக்ஸ் அக்கவுண்டிங். டிசம்பரில் முடித்தேன், இப்போது அடுத்த பாடம், கம்பெனி வரி.

சித்தப்பா (மதுரை): நீ பி.காம். படித்தவள். இதில் புதிதாக என்ன இருக்கப் போகிறது?

அகிலா (எடிசன்): நானும் அப்படித்தான் நினைத்தேன் சித்தப்பா. காசு மிச்சம் என்று பாடப்புத்தகத்தின் முந்தைய வருடப் பதிப்பை வாங்கினேன். அதில் தனி ஆளுக்கு, வரி போடுவதற்கு முன் வருமானத்தில் கழிக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 13,850. வகுப்பில் நடத்தியது 2024 கணக்கு, 14,600. முதல் வீட்டுப்பாடம் முழுக்கத் தப்பு. பி.காமில் ஐந்து வருடப் பழைய புத்தகம் வைத்துப் படித்தேன், ஒரு குறையும் வரவில்லை. இந்தப் பாடத்தில் போன வருடப் புத்தகமே ஆகாது.

இன்னொன்று. நம்மிடம் வரி ஆளுக்கு ஆள் தனி. இங்கே ஒருவர் தனி ஆளா, கணவனும் மனைவியும் சேர்ந்து போடுகிறார்களா, குழந்தையைத் தனியாக வளர்க்கிறாரா என்று பார்த்த பிறகுதான் ஸ்லாபே தெரியும். முதல் மூன்று வாரம் இதுதான். ஒரு எண்ணைக்கூடக் கூட்டவில்லை.

சித்தப்பா (மதுரை): கம்பெனிக் கணக்கு?

அகிலா (எடிசன்): அது உங்களுக்குப் பழகியதுதான். பேரேட்டில் லாபம் 80,000. சாப்பாட்டுச் செலவு 4,000 என்றால் பாதிதான் செல்லும், 2,000 திரும்ப ஏறும். டெலிவரி வண்டிக்குப் போலீஸ் போட்ட அபராதம் 600, அது மொத்தமும் ஏறும். வரிக்கு லாபம் 82,600.

சித்தப்பா (மதுரை): ஆட்-பேக்! முப்பது வருடம் அதைத்தானே எழுதினேன். சரி, என் பையன் கணக்கைப் பார் முதலில்.

அகிலா (எடிசன்): கார்த்தி, எண்களை மட்டும் சொல். படம் வேண்டாம்.

கார்த்தி (டல்லாஸ்): கேம்பஸ் வேலை 6,000. கோடை இன்டர்ன்ஷிப் 18,000. இரண்டிலும் சேர்த்துப் பிடித்த ஃபெடரல் வரி 1,900.

அகிலா (எடிசன்): மொத்தம் 24,000. நான்ரெசிடென்ட்டுக்குப் பொதுவாக ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது. ஆனால் 1989-இல் இந்தியாவும் அமெரிக்காவும் போட்ட வரி ஒப்பந்தத்தில் 21-வது பிரிவு இந்திய மாணவர்களுக்கு அதைத் தருகிறது. பக்கத்து சீட்டில் இருக்கும் வேறு நாட்டுப் பையனுக்கு இது இருக்காது. 24,000-இல் 14,600 போக 9,400. பத்து சதவீதம்.

சித்தப்பா (மதுரை): 940.

அகிலா (எடிசன்): 943, சித்தப்பா. ஒரு லட்சம் டாலருக்குக் கீழே இருந்தால் அச்சடித்த அட்டவணையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதில் 9,400 முதல் 9,450 வரை ஒரே வரிசை, நடு எண்ணுக்கு வரி போட்டிருப்பார்கள். நானும் முதலில் 940 என்றுதான் எழுதினேன்.

ஆக 1,900-இல் 943 போக, ரீஃபண்ட் 957.

கார்த்தி (டல்லாஸ்): அப்போ 2,900 எங்கே போனது?

அகிலா (எடிசன்): அது எஜுகேஷன் கிரெடிட், படிப்புச் செலவுக்கு வரியில் தரும் சலுகை. அதை வைத்து ஆப் உன் வரியைப் பூஜ்யமாக்கி, மேலே 1,000 கொடுத்தது. அந்த கிரெடிட் கல்லூரியின் முதல் நாலு வருடத்துக்குத்தான், நீ மாஸ்டர்ஸ். அதோடு நான்ரெசிடென்ட் அதைக் கேட்கவே முடியாது. வாங்கியிருந்தால் பின்னாளில் வட்டியோடு திருப்ப வேண்டியிருக்கும். உன் ரூமில் அனுப்பிவிட்டவர்கள் 1040-எக்ஸ் போட்டுத் திருத்த வேண்டும். இன்றைக்கே சொல்.

சித்தி: கடவுளே.

அகிலா (எடிசன்): சித்தி, நல்லதும் ஒன்று இருக்கிறது. கார்த்தி, இன்டர்ன்ஷிப் டபிள்யூ-2-வில் கட்டம் 4, கட்டம் 6 பார். ஏதாவது எண் இருக்கிறதா?

கார்த்தி (டல்லாஸ்): 1,116. 261.

அகிலா (எடிசன்): நினைத்தேன். சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும், மொத்தம் 1,377. உன்னைப் போன்ற மாணவனுக்கு அவற்றைப் பிடிக்கவே கூடாது. முதலில் அந்தக் கம்பெனியின் சம்பளப் பிரிவுக்கு எழுதி, திருப்பிக் கேள். அவர்கள் தராவிட்டால் வரித் துறைக்கு ஃபார்ம் 843, கூடவே 8316. நாள் ஆகும், ஆனால் அது உன் காசு.

கார்த்தி (டல்லாஸ்): 957-உம் 1,377-உம் 2,334. பரவாயில்லையே அக்கா!

பெரியம்மா (மதுரை): இவ்வளவையும் எதற்கடி போய்ப் படித்தாய்? மாப்பிள்ளைதான் ஆள் வைத்து வரி கட்டுகிறாரே.

அகிலா (எடிசன்): அதைத்தான் இத்தனை நாள் உங்களிடம் சொல்லவில்லை அம்மா. மதுரையில் என் பெயரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ டெபாசிட் போட்டோம் இல்லையா? அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் நாங்கள் இங்கே ரெசிடென்ட், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்று தனி அறிக்கையும் உண்டு. எங்களுக்கு வரி போட்டுக் கொடுத்தவர் "வெளிநாட்டில் கணக்கு இருக்கிறதா?" என்று ஒரு வருடம்கூடக் கேட்கவில்லை. வரியில்லாத வட்டி என்று நாங்களும் சொல்லவில்லை. 3 வருட ரிட்டர்னைத் திருத்தி, 6 வருட எஃப்பார் போட்டு, அபராதமும் கட்டினோம். அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. அப்புறம்தான் வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

சித்தப்பா (மதுரை): என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா.

அகிலா (எடிசன்): சொல்ல வாய் வரவில்லை சித்தப்பா.

பெரியம்மா (மதுரை): அப்போ நான் மேலூர் நிலத்தை விற்று உனக்குக் கொடுத்தால் அதற்கும் வரியா?

அகிலா (எடிசன்): இல்லை அம்மா, நீங்கள் கொடுப்பது அன்பளிப்பு. வாங்குகிற எனக்கு வரி இல்லை. வருடத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் மட்டும் ஃபார்ம் 3520-இல் தெரிவிக்க வேண்டும். வரிக்கு இல்லை, தகவலுக்கு.

யாரும் கொடுக்காமல் தானாகக் கிடைத்தால்தான் வரி. வகுப்பில் ஒரு வழக்கு படித்தோம். ஒஹாயோவில் ஒரு தம்பதி 1957-இல் 15 டாலருக்குப் பழைய பியானோ வாங்கினார்கள். 1964-இல் துடைக்கும்போது உள்ளே 4,467 டாலர் நோட்டு! வருமானம்தான், கிடைத்த வருடத்தில் வரி கட்ட வேண்டும் என்று 1969-இல் தீர்ப்பு.

பெரியம்மா (மதுரை): ஏழு வருடமாக வீட்டில் இருந்த பணத்துக்கா!

சித்தப்பா (மதுரை): கையில் வந்த நாள்தான் கணக்கு அண்ணி. சரியான தீர்ப்பு.

கார்த்தி (டல்லாஸ்): அக்கா, என் ரூமில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். நீங்களே பார்த்துத் தர முடியுமா? பணம் கொடுப்பார்கள்.

அகிலா (எடிசன்): பணம் வேண்டாம். வீட்டா என்று அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் ஆதரவில் ஒரு திட்டம் உண்டு, தொண்டர்கள் இலவசமாக ரிட்டர்ன் போட்டுத் தருவார்கள். நான் தேர்வு எழுதித் தேறிவிட்டேன், அடுத்த சனிக்கிழமையிலிருந்து இங்கே நூலகத்தில் உட்காருகிறேன். வெளிநாட்டு மாணவர்களின் ரிட்டர்ன் போடத் தனித் தேர்வு, அதை இந்த வாரம் எழுதுகிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேள், டல்லாஸிலேயே யார் இலவசமாகப் பார்க்கிறார்கள் என்று சொல்வார்கள். ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது.

அப்புறம், 2023-க்கு 8843 அனுப்பினாயா?

கார்த்தி (டல்லாஸ்): அது என்ன? அந்த வருடம் எனக்கு வருமானமே இல்லையே.

அகிலா (எடிசன்): வருமானம் இல்லாவிட்டாலும் அனுப்ப வேண்டும். நீ மாணவன், உன் நாட்களை எண்ணக் கூடாது என்று சொல்லும் தாள் அதுதான். 2023-க்கு ஒன்று அச்சடித்து, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு. 2024-க்கு உள்ளதை 1040-என்ஆரோடு சேர்த்துவிடு.

சித்தப்பா (மதுரை): கார்த்தி, அனுப்புவதற்கு முன்னால் நகல் எடுத்து வை. தபால் ரசீதையும்.

கார்த்தி (டல்லாஸ்): சரிப்பா. ஆப்பில் போட்டதை அழித்துவிட்டேன்.

சித்தி: சாப்பிட்டாயாடா?